மரவாடியில் தேக்கு கன அடி 3,000, தோட்டத்தில் மட்டும் 900. இது எந்த ஊர் நியாயம்?

தோப்புக்காரன் · 3 மார்ச் 2024, இரவு 9:40

வரப்புத் தேக்கு, 18 வருசம், 110 மரம். திருச்சி மாவட்டம், தார் ரோட்டிலிருந்து 400 மீட்டர். வியாபாரி உருட்டு கன அடி 900 சொல்றார். டவுன் வாடியில நாட்டுத் தேக்கு 3,000க்குக் கீழ பேச்சே இல்லை. மூணுல ஒரு பங்குகூடத் தேறலை. பகல் கொள்ளைங்கிறது என் கட்சி. இல்லேங்கிறவங்க கணக்கோட வாங்க.

நாடா · 3 மார்ச், இரவு 10:25

வாடியில் விற்பது அறுத்து, வெள்ளை (பட்டைக்குள் இருக்கும் வெளிர் மரம்) நீக்கி, உலர்த்தி, உங்கள் அளவுக்கு எடுத்துக் கொடுக்கிற மரச்சட்டம். தோட்டத்தில் கேட்பது பட்டையோடு நிற்கும் உருட்டு. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று.

அதைவிட முக்கியம், அந்த 900 எந்தக் கன அடிக்கு என்று கேட்டீர்களா? சுற்றளவு பட்டையோடா, பட்டை நீக்கியா? நடுவில் நாடா பிடிப்பாரா, சிறு முனையிலா? முக்கால் அங்குலம் வந்தால் எழுதுவாரா, விடுவாரா? இந்தப் பதில்கள் இல்லாமல் 900 என்பது வெறும் எண்.

வாடிக் கணக்கு · 4 மார்ச், காலை 7:15

கொள்ளை என்று சொல்லும் முன் அறுவையில் என்ன போகிறது என்று பாருங்கள். உருட்டில் பாதிதான் சைஸாக, அதாவது அறுத்த சட்டமாக, வரும். மீதி புறப்பலகை, மரத்தூள், முனை வெட்டு. வந்த பாதியிலும் எல்லாம் வைரம் (நடுவில் உள்ள கெட்டி மரம்) இல்லை. தண்ணீர் பாய்ந்து வளர்ந்த 18 வருசத் தேக்கில் வெள்ளை நன்றாகவே இருக்கும். வெள்ளை கலந்த சட்டத்தை நிலைக்கு யாரும் 3,000 கொடுத்து வாங்க மாட்டார்கள்.

நாடா · 4 மார்ச், காலை 8:02

"உருட்டில் பாதி" என்பதில் ஒரு திருத்தம். அது மரத்தின் உண்மையான கன அளவில் பாதி. விலை கட்டுவது அந்த அளவில் இல்லையே, குவாட்டர் கெர்த் அளவில்.

சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது குவாட்டர் கெர்த். சுற்றளவு அங்குலத்திலும் நீளம் அடியிலும் இருந்தால் கடைசியில் 144ஆல் வகுக்க வேண்டும். நடுச்சுற்று 36 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 9 × 9 × 10 ÷ 144 = 5.625 கன அடி. அதே கட்டையை உருளையாகக் கணக்கிட்டால் 7.16 வரும். சூத்திரமே 21.5 சதவீதத்தை ஒதுக்கிவிடுகிறது. எல்லா வாடியிலும் இதுதான் வழக்கம், ஏமாற்று இல்லை. ஆனால் அறுவைச் சேதத்தில் ஒரு பகுதி இதிலேயே கழிந்துவிட்டது. குவாட்டர் கெர்த்தில் 100 கன அடி வாங்கியவருக்கு 50 அல்ல, 63, 64 கன அடி சைஸ் வரும். பேரத்தில் "பாதி போயிடும்" என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வாடிக் கணக்கு · 4 மார்ச், காலை 8:40

சரிதான். முழுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு.

உண்மைக் கன அளவு 100. குவாட்டர் கெர்த்தில் 78.5. அதற்கு 900 வீதம் 70,650 ரூபாய். அறுத்தால் 50 கன அடி சைஸ். அதில் 30 நல்ல வைரம், 3,000 வீதம் 90,000. மீதி 20 வெள்ளை கலந்தது, பாதி விலைக்கு 30,000. ஆக வரவு 1,20,000. இடையில் நிற்பது 49,350. வெட்டு, ஏற்று, லாரி, அறுவைக் கூலி, பர்மிட் அலைச்சல், ஆறு மாசம் அடுக்கிக் காயவைத்த வட்டி, சில்லறை லாபம் எல்லாம் அதற்குள் வர வேண்டும். கொள்ளை இல்லை. பேசிப் பார்க்க இடமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

தோப்புக்காரன் · 4 மார்ச், இரவு 9:10

கேட்டுட்டேன். சிறு முனையில நாடா, பட்டைக்குக் கழிவு, அரை அடிக்குக் கீழ நீளம் எழுதறதில்லையாம். "எல்லாரும் அப்படித்தான்"ங்கிறார்.

நாடா · 4 மார்ச், இரவு 10:30

எல்லாரும் அப்படி இல்லை.

அதே 10 அடிக் கட்டை. அடி முனை 42, நடு 36, சிறு முனை 30 அங்குலம். நடுவில் பிடித்தால் 5.625. சிறு முனையில் பிடித்தால் 3.906. முப்பது சதவீதம் நாடா வைத்த இடத்தில் போய்விடுகிறது. அதாவது 900 என்று சொல்லி 625 தருகிறார். 800 சொல்லி நடுவில் அளக்கிறவர் இந்தக் கட்டைக்கு 4,500 தருவார், 900காரர் 3,515.

பட்டைக் கழிவு நியாயம்தான், ஒரு முறை மட்டும் என்றால். அரை அங்குலப் பட்டை சின்ன விஷயமாகத் தெரியும். சுற்றில் 3 அங்குலத்துக்கு மேல் குறையும். 36 என்பது 32.86 ஆகும், 5.625 என்பது 4.69 ஆகும். ஆறில் ஒரு பங்கு. ஆகவே கழிவை வாய்க்கணக்கில் விடக்கூடாது. நடுவில் ஒரு சாண் அகலம் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டு நேரடியாக நாடா பிடித்தால் சண்டைக்கே இடமில்லை. அதோடு சிறு முனை அளவும் சேர்ந்தால் ஒரே கழிவை இரண்டு தடவை கட்டுகிறீர்கள்.

அறுவை மேடை · 5 மார்ச், காலை 6:50

அடிமரத்தை எங்கே வெட்டுகிறார்கள் என்றும் பாருங்க. குனிய சோம்பல்பட்டு ஒரு அடி விட்டு வெட்டுவான். அங்கேதான் மரம் பெருத்திருக்கும். அடிச்சுற்று 48 அங்குலம் என்றால் 12 × 12 ÷ 144, ஒரு அடிக்குச் சரியாக 1 கன அடி. 110 மரத்துக்கு 110 கன அடி மண்ணோடு நிற்கும். தரையை ஒட்ட, 2 அங்குலத்துக்குள் வெட்டணும்னு பேச்சிலேயே போட்டுக்குங்க. மண்ணை முதல் நாளே வெட்டி விலக்கி வைத்தால் ரம்பப் பல்லும் கெடாது, ஆளும் முணுமுணுக்க மாட்டான்.

அடுத்தது துண்டு போடும் இடம். நிலைக்கால் 7 அடி. 6¾ அடித் துண்டு நிலைக்கு ஆகாது, ஜன்னலுக்குப் போகும், விலை இறங்கும். 7 அடி வேண்டுமென்றால் முனை வெடிப்புக்கு 2, 3 அங்குலம் கூட்டி வெட்டணும். லாரிப் பெட்டி நீளத்துக்குத் தோதாக வெட்டுறதுதான் வெட்டுக்காரன் வழக்கம். லாரிக்கா மரம் வளர்த்தீங்க?

தோப்புக்காரன் · 5 மார்ச், மதியம் 1:20

ஒரே மரத்தை ரெண்டு துண்டாப் போட்டா கன அடி கூடுமா குறையுமா?

நாடா · 5 மார்ச், மாலை 6:05

லேசாகக் கூடும். 20 அடி, அடி 48, நுனி 24, நடு 36. ஒரே கட்டையாக 11.25. பத்துப் பத்தாக வெட்டினால் நடுச்சுற்றுகள் 42, 30, 7.66 + 3.91 = 11.57 வரும். அந்த மூன்று சதவீதம் பெரிதில்லை. அடிக்கட்டை 42 சுற்று என்ற தரத்துக்குப் போகிறதே, அதில்தான் பணம். முழுசாகப் போட்டால் அதுவும் 36 என்ற தரத்திலேயே விலை போகும்.

அறுவை மேடை · 5 மார்ச், இரவு 8:45

சுற்றளவு ஏற ஏற கன அடி விலை ஏன் படிப்படியாகத் தாவுதுன்னு பலருக்குப் புரியறதில்லை. வியாபாரி இஷ்டம்னு நினைக்கிறாங்க. மேடையில் நின்னு பார்த்தா புரியும்.

24 அங்குலச் சுற்று. விட்டம் 7.6. பட்டை இரு பக்கமும் சேர்த்து 1 அங்குலம், வெள்ளை இரு பக்கமும் சேர்த்து 2 அங்குலம் கழிச்சா வைரம் 4.6 அங்குல வட்டம். 4 × 3 சட்டத்தோட மூலைக்கு மூலை 5 அங்குலம். அந்த வட்டத்துக்குள்ள அடங்காது. முழு வைரத்தில ஒரு நிலைக்கால்கூட வராது.

30 சுற்று. வைரம் 6.5. ஒரு 5 × 3 வரும்.

36 சுற்று. வைரம் 8.4. ரம்பத் தடிப்பு போக ரெண்டு 5 × 3 வரும்.

10 அடிக்கு 24 சுற்று 2.5 கன அடி, 36 சுற்று 5.625. மரம் ரெண்டேகால் மடங்குதான். நிலைக்கால் பூஜ்யத்திலிருந்து ரெண்டு. எல்லாத்துக்கும் ஒரே சராசரி விலைன்னா உங்க பெரிய மரம் சின்ன மரத்துக்குப் பணம் கட்டுதுன்னு அர்த்தம்.

வாடிக் கணக்கு · 6 மார்ச், காலை 7:30

அப்படியானால் 36க்கு மேல் உள்ளதை மட்டும் விற்றுவிட்டு மற்றதை விடலாமே என்று அடுத்த கேள்வி வரும். கணக்குப்படி சரி. பெரியதை வாரிக்கொண்டு போன தோப்பில் மீதி நிற்கும் சின்ன மரத்துக்கு லாரி நிறையாது, ஆள் வராது. வியாபாரிக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நாடா · 6 மார்ச், காலை 9:12

வரப்பு மரத்துக்கு இது அவ்வளவு பொருந்தாது. வரிசையில் இடைவெளி விழுந்தால் மீதிக்கு வெளிச்சம் கிடைக்கும். 30 சுற்று மரம் 36 ஆனால் கன அளவு 1.44 மடங்கு, மேலே சொன்ன தரத் தாவலும் சேரும். ஆனால் 2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்டு ஒரு தடவைகூடக் கலைக்காத தோப்பில், ஒடுங்கிப்போன மரம் வெளிச்சம் வந்தவுடன் பெருத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பின்தங்கியது பின்தங்கியதுதான். தோப்பாக நட்டால் நாலைந்தாவது வருசமும் எட்டு பத்தாவது வருசமும் இளைத்ததை, கோணலை, கவையை எடுத்திருக்க வேண்டும்.

எடைமேடை · 9 மார்ச், இரவு 7:55

எல்லாம் தேக்காகவே ஓடுகிறது. எங்கள் கடலூர், விழுப்புரம் பக்கம் கன அடியே கிடையாது, டன்தான். சவுக்கு, தைலம் (யூகலிப்டஸ்). நாடா இல்லாத ஊரில் பணம் போகும் வழிகள் வேறு.

முதல் வழி ஈரம். வெட்டிய அன்று 10 டன், அதில் பாதி தண்ணீர் என்று வைப்போம். உலர்ந்த மரம் 5 டன். ஈரம் 40 சதவீதத்துக்கு இறங்கினால் எடை 8.33 டன். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் பணத்தில் ஆறில் ஒன்று ஆவியாகிவிட்டது. சித்திரை வெயிலில் இதற்குப் பல நாள் ஆகாது. லாரி வந்து நிற்கும் வரை ரம்பம் வைக்கக் கூடாது. "நீங்க வெட்டிப் போடுங்க, வண்டி நாளைக்கு வந்துரும்" என்பதைவிட விலையுயர்ந்த வாக்கியம் எங்கள் ஊரில் கிடையாது.

இரண்டாவது கழிவு. டன்னுக்கு 50 கிலோ கழிவு என்றால் 5 சதவீதம். பட்டைக்கு ஒரு கழிவு, மண்ணுக்கு ஒன்று, "மேடைக் கழிவு" என்று ஒன்று. விலை பேசும்போதே எல்லாக் கழிவும் போக நிகரம் எவ்வளவு என்று ஒரே எண்ணில் கேட்க வேண்டும்.

மூன்றாவது காலி வண்டி எடை. காலி எடைச் சீட்டு, நிறை எடைச் சீட்டு இரண்டும் ஒரே மேடையில், ஒரே நாளில், இரண்டு தடவையும் ஒரே ஆட்கள் ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும். காலி எடை போட்ட பிறகு டீசல் நிரப்பினால் அது உங்களுக்குச் சாதகம். அதனால் நிரப்ப மாட்டார்கள். காலி எடையைப் பழைய சீட்டிலிருந்து எடுப்பதுதான் அதிகம் நடப்பது.

பட்டை · 9 மார்ச், இரவு 9:30

காகித ஆலைக் கணக்கும் சேருங்க. காகிதபுரம், மொண்டிப்பட்டியில தமிழ்நாடு காகித ஆலை (டிஎன்பிஎல்), பள்ளிபாளையத்தில சேஷசாயி காகித ஆலை. இவங்க சொல்றது மில் வாசல் விலை. தோட்டத்து விலைங்கிறது அதிலிருந்து வெட்டு, உரி, ஏற்று, லாரி, இடையில இருக்கிறவர் கமிஷன் கழிச்ச மீதி. மில் விலை 10 ரூபாய் ஏறினா தோட்டத்துக்கு 10 வரணும். டீசல் ஏறினா முழுசும் தோட்டத்து மேலதான் விழும். தூரமா இருக்கிறவனுக்கு அடி பலம்.

லாரி வாடகை 20,000ன்னு வைங்க. 16 டன் ஏத்தினா டன்னுக்கு 1,250. 12 டன்தான் தேறுச்சுன்னா 1,667. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரங்க பக்கத்துத் தோட்டத்தோட சேர்ந்து ஒரே வாரத்துல வெட்டினா இந்த 400 ரூபாய் மிஞ்சும். அண்ணன் தம்பியா இருந்தாலும் எடைச் சீட்டைத் தனித்தனியா போட்டுக்குங்க.

மில்லோட நேரடி ஒப்பந்தச் சாகுபடியில சேர்ந்திருந்தா கன்று வாங்கினப்போ கொடுத்த பதிவு எண்ணைப் பத்திரமா வைங்க. வெட்டு அனுமதிச் சீட்டு அதை வச்சுத்தான் வரும். அது தொலைஞ்சா இன்னொருத்தர் பேர்ல உங்க மரம் உள்ளே போகும்.

எடைமேடை · 10 மார்ச், காலை 6:40

சவுக்கில் இன்னொன்று. நேரான கம்பு சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும், தடித்ததும் கோணலும் காகிதக் கூழுக்கு, கொப்பு மிலாறாக (சுள்ளியாக) அடுப்புக்கு. மொத்தத்தையும் கூழ் விலைக்கு டன்னில் கொடுத்தால், நல்ல கம்பைப் பிரித்து விற்கும் லாபம் வாங்கியவருக்கு. தோட்டத்தில் நேர்க்கம்பு கால்வாசியாவது தேறினால் பிரித்து விலை கேட்கலாம். அதற்கும் குறைவானால் பிரிக்கும் கூலியே தின்றுவிடும்.

புயல் வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2018 நவம்பர் 16 ‘கஜா’ புயல். மாவட்டம் முழுக்க ஒரே நாளில் விழுந்தால் வெட்ட ஆள் இல்லை, ஏற்ற வண்டி இல்லை. விழுந்த மரம் முறிந்தும் வெடித்தும் கிடக்கும். சொன்ன விலைக்கு இறங்குவதைத் தவிர வழியில்லை. ஐப்பசிக்கு முன் வெட்டு வயதுக்கு வந்த சவுக்கை "இன்னும் ஆறு மாசம் பெருக்கட்டும்" என்று கடலோரத்தில் நிறுத்தி வைப்பது சூதாட்டம். பெருத்தால் லாபம்தான், மறுக்கவில்லை.

தோப்புக்காரன் · 10 மார்ச், இரவு 8:00

அமாவாசைக்கு வெட்டினா மரம் உளுக்காது, விலை கூடும்ங்கிறாங்களே?

அறுவை மேடை · 10 மார்ச், இரவு 8:20

அமாவாசை அன்னிக்குப் பாதி ஆள் விரதம், மீதிப் பாதி ராமேஸ்வரம். கூலிதான் கூடும்.

உளுவுக்கு (மரத்தைத் துளைக்கிற பூச்சிக்கு) வேண்டியது வெள்ளையில இருக்கிற மாவுச்சத்து. தேக்கு வைரத்தை அது தொடாது. பட்டையோட மாசக்கணக்கில் குவிச்சுப் போட்டா எந்தப் பட்சத்தில வெட்டினாலும் வெள்ளை துளைபடும். மலைவேம்பு, ரப்பர் மாதிரி வெளிர் மரத்தில துளைக்கு முன்னாடி நீலம் பாயும். பிளைவுட்காரன் அதைப் பார்த்தாலே விலையை உடைப்பான்.

பட்டை · 11 மார்ச், காலை 7:05

மலைவேம்புன்னு சொன்னதால. பிளைவுட்டுக்குப் போற கட்டை சுழல்ற கத்தியில உரியும். உருண்டையா, நேரா இருந்தாத்தான் ஏடு (உரிச்செடுக்கிற மெல்லிய மரத்தகடு) முழுசா வரும். முதல்ல உருண்டையாக்குறதுக்கே கோணல் கட்டை பாதி தீர்ந்துபோகும், நடுத்தண்டு கடைசியில கழிவா நிக்கும். மெல்லிசா இருந்தா ஏடு எடுக்க மிஞ்சறது கொஞ்சம்தான். அதனாலதான் சுற்றளவு வரம்புக்குக் கீழே போனா பிளைவுட் விலையிலிருந்து ஒரேயடியா விறகு, கூழ் விலைக்கு விழுது. நடுவுல படி கிடையாது.

நீளம் 8 அடிப் பலகைக்கு 8 அடிக்குக் கொஞ்சம் கூட. சரியா 8 அடியில வெட்டினா முனை சீவினதும் 7¾, அதை 4 அடி வகையிலதான் சேர்ப்பாங்க. வெட்டின அன்னிக்கே முனையில மெழுகோ பழைய பெயிண்ட்டோ பூசி நிழல்ல போடணும். கேரளாவில பெரும்பாவூர் வரைக்கும் போற லோடுன்னா இது கட்டாயம்.

கிளை வெட்டுறது இதுக்கெல்லாம் முன்னாடி. கட்டை விரல் தடிப்பில இருக்கும்போதே தண்டை ஒட்டிச் சீவினா தழும்பு உள்ளே மறைஞ்சிரும். மணிக்கட்டு தடிப்பு வர்ற வரைக்கும் விட்டு அரிவாளால கொத்தினா அந்த இடம் கணு, அழுகல், ஏட்டுல ஓட்டை.

வாடிக் கணக்கு · 11 மார்ச், காலை 8:30

தேக்கில் இதற்கு இணையான விஷயம் ஆணி. வரப்புத் தேக்கு என்கிறீர்கள், முள்கம்பி அடித்திருக்கிறதா? கம்பியை மரத்திலேயே அடித்திருந்தால் 18 வருசத்தில் மரம் அதை விழுங்கியிருக்கும். தரையிலிருந்து 4 அடி வரை, அதாவது விலை அதிகமுள்ள பாகத்தில். ரம்பப் பட்டை ஒரு ஆணியில் அறும், அந்தச் செலவை முன்கூட்டியே எல்லா மரத்திலும் கழித்துத்தான் விலை சொல்வோம். ஆணியைச் சுற்றி மரம் கறுத்தும் போகும். எந்தெந்த மரத்தில் கம்பி என்று நீங்களே அடையாளம் போட்டால் அவற்றுக்கு மட்டும் கழிவு. மறைத்தால் 110க்கும் கழிவு.

தோப்புக்காரன் · 11 மார்ச், இரவு 9:15

மேற்கு வரப்பு 14 மரத்துல இருக்கு. மத்ததுல கல்லுக்கால். பர்மிட் யார் எடுக்கணும்? மரத்தைக் காயவிட்டு வெட்டினா லாரி பாரம் குறையுமா? பர்மாவில பட்டையைச் சுத்தி வெட்டி நிக்கவிடுவாங்களாமே.

நாடா · 11 மார்ச், இரவு 10:40

பர்மாவில் தேக்கை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள், பச்சைத் தேக்கு மிதக்காது, அதனால் முன்கூட்டியே பட்டையை வளையமாக வெட்டிக் காயவிட்டார்கள். உங்கள் மரம் காவிரியில் போகப் போவதில்லை. எடைமேடை சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்: டன்னில் விற்கிற மரத்தைக் காயவிட்டால் உங்களுக்கு நஷ்டம், கன அடியில் விற்கிறதைக் காயவிட்டால் லாபம் லாரிக்காரருக்கு.

பர்மிட் விஷயம். சவுக்கு, தைலம் தங்குதடையில்லாமல் போகும். தேக்கு 1968 மரப் போக்குவரத்து விதிகளுக்குள் வரும். பட்டா, சிட்டா, அடங்கல், வரைபடம், கிராம நிர்வாக அலுவலர் சான்று, மரங்களின் பட்டியல் இவற்றோடு வனத்துறையில் மனு. நட்டபோதே அடங்கலில் மரம் ஏறியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டா தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். அதைத் தானே சரிசெய்வதாகச் சொல்லும் வியாபாரி அந்த அலைச்சலைப் போல இரண்டு மடங்கு விலையில் எடுத்துக்கொள்வார். காகிதம் தயாராக இருக்கும் தோட்டத்துக்கு வாங்க ஆறு பேர் வருவார்கள், இல்லாத தோட்டத்துக்கு "பார்த்துக்கலாம்" என்பவர் ஒருவர்தான் வருவார். மலைப் பகுதி என்று அறிவித்த கிராமங்களில் 1955 சட்டப்படி வெட்டவே தனி அனுமதி. திருச்சி சமவெளியில் உங்களுக்கு அது இல்லை.

வரப்பு மரம் ஆதலால் சர்வே கல்லைப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கில் ஒரு சாண் தள்ளி நின்றாலும் அது உங்கள் மரம் இல்லை. வரிசையில் சந்தனம் ஏதாவது இருந்தால் அதை இந்தப் பேரத்தில் சேர்க்காதீர்கள், அது வனத்துறை வழியாக மட்டுமே போகும்.

நாடா · 12 மார்ச், காலை 6:15

விற்கும் முறையை எழுத விட்டுப்போனது.

மார்பளவு, அதாவது தரையிலிருந்து நாலரை அடியில் ஒவ்வொரு மரத்துக்கும் நாடா. எண்ணைப் பெயிண்டில் எழுதுங்கள், இரண்டு பக்கமும். முதல் கவை வரை உயரத்தை அடி அடியாகக் குறி போட்ட மூங்கிலை நிறுத்திப் பாருங்கள். கோணல், காயம், பொந்து, கம்பி பக்கத்தில் குறிப்பு. பிறகு ஐந்தாறு மரத்தில் ஏணி வைத்து நடுத்தண்டின் சுற்றளவை எடுங்கள். மார்பளவில் 40, நடுவில் 34 என்றால் 0.85. அந்த விகிதத்தை மற்றவற்றுக்கும் போட்டால் உங்கள் தோப்பின் மொத்தக் கன அடி ஓரளவு கைக்கு வரும். குத்துமதிப்பு வியாபாரத்தில் இந்த எண் ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் சிக்கல்.

அதே பட்டியலை நாலைந்து பேருக்கு ஒரே நாளில் கொடுங்கள், ஒரே நாளில் எழுத்தில் விலை கேளுங்கள். அளக்கும் முறையையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்: நடுச்சுற்று, பட்டை உரித்த வளையத்தில், கால் அங்குலம் வரை, நீளம் கால் அடி வரை. எல்லாரும் ஒரே கன அடிக்கு விலை சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

அறுவை மேடை · 12 மார்ச், காலை 7:00

ஒப்பந்தத்தில இதெல்லாம் வரட்டும். அளவு அடிமரத்துப் பக்கத்திலேயே, கட்டை நகர்றதுக்கு முன்னாடி. அந்தந்த நடைக்குப் பணம் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி. கொப்பும் விறகும் யாருக்கு. மின் கம்பி இருந்தா மின்வாரியத்தில லைனை நிறுத்துற செலவு யாருக்கு. சொட்டுநீர்க் குழாய், வரப்பு உடைஞ்சா யார் கட்டுறது. ஆளுக்கு அடிபட்டா பொறுப்பு யார். கடைசித் தேதி. தேதி போடாத ஒப்பந்தத்துல முன்பணம் கொடுத்தவன் விலை ஏறுற வரைக்கும் உங்க தோட்டத்தையே குடோனா வச்சிருப்பான்.

பட்டை · 12 மார்ச், காலை 9:48

மேல தரையை ஒட்ட வெட்டச் சொன்னது தேக்குக்கு. தைலக்காரங்க அதைப் படிச்சுட்டு அப்படியே செஞ்சிராதீங்க. மறுதாம்பு (அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்து வளர்றது) வேணும்னா தரையிலிருந்து ஒரு அரைச் சாண் விட்டு, ரம்பத்தால, தண்ணி வடியிற மாதிரி சாய்வா. கோடாரியால பிளந்தா பட்டை கிழியும், தளிர் வராது. வாங்கறவருக்கு அடுத்த வெட்டைப் பத்திக் கவலை கிடையாது. வெட்டினப்புறம் மிலாறை அடிக்கட்டை மேல குவிச்சு எரிக்கவும் விடாதீங்க.

தோப்புக்காரன் · 2 ஏப்ரல், இரவு 8:30

பட்டியல் போட்டாச்சு. நடுச்சுற்று, பட்டையோட, மொத்தம் 610 கன அடி வருது. அளவு முறை எழுதிக் கொடுத்தும் ஆளுக்கொரு மாதிரிதான் விலை வந்துச்சு.

முதலாமவர்: 900, சிறு முனை, அதுக்கு மேல பட்டைக் கழிவு.
ரெண்டாமவர்: 780, நடுச்சுற்று, பட்டையோட. வெட்டு, ஏற்று அவர். பர்மிட் நான்.
மூணாமவர்: அளவே வேண்டாம், மொத்தம் 4,10,000. எல்லாம் அவர்.

நாடா · 2 ஏப்ரல், இரவு 9:55

இரண்டாமவர் 610 × 780 = 4,75,800. மூன்றாமவர் உங்கள் கன அடியில் 672. முதலாமவர்: 30 சுற்றுச் சிறு முனையில் பட்டை போனால் 26.86, 10 அடிக்கு 3.13 கன அடி. நடுவில் பட்டையோடு 5.625 வரும் கட்டைக்கு அதுதான் அவர் கணக்கு. 900 என்பது உங்கள் கன அடியில் 500 சொச்சம், மொத்தம் 3,05,000 பக்கம். எல்லா மரமும் இவ்வளவு குறுகாது, கொஞ்சம் கூட வரலாம். அப்படியும் பெரிய எண் சொன்னவர்தான் கடைசி.

வாடிக் கணக்கு · 3 ஏப்ரல், காலை 7:20

மூன்றாமவரை உடனே தள்ளாதீர்கள். பொந்து வந்தால் நஷ்டம் அவருடையது. அளவு முறையில் பொந்துக் கட்டையை "கழிவு" என்று தோட்டத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். 65,800 வித்தியாசத்துக்குள் பர்மிட் செலவும் அந்த அபாயமும் அடங்குமா என்று பாருங்கள். என் கணக்கில் அடங்கும், 780தான் மேல். அவரிடம் 36க்கு மேல் தனி விலை கேட்டீர்களா?

இறக்குமதியையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தொடவில்லை. பர்மா 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த இடத்துக்குக் கானா, ஈக்வடார், பனாமா தோட்டத் தேக்கு தூத்துக்குடியில் வந்து இறங்குகிறது. அதுவும் உங்களது மாதிரி இளம் மரம்தான். டவுன் வாடிக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் உங்கள் உருட்டுக்கு விலை வைக்கிறார். 30 சுற்றுக்குக் கீழே நாட்டுத் தேக்கு விலை ஏறாததற்கு அதுவும், யுபிவிசி ஜன்னலும் காரணம்.

தோப்புக்காரன் · 3 ஏப்ரல், இரவு 9:05

36க்கு மேல 31 மரம். அதுக்கு 950, மீதிக்கு 720ங்கிறார். அந்த 31 மட்டும் 245 கன அடி.

நாடா · 3 ஏப்ரல், இரவு 9:30

245 × 950 = 2,32,750. மீதி 365 × 720 = 2,62,800. மொத்தம் 4,95,550. சராசரி விலையைவிட 19,750 அதிகம். 36 என்பது எந்த அளவில் என்று எழுத்தில் வாங்குங்கள், மார்பளவா, கட்டையின் நடுவா. பட்டையோடா இல்லையா. 35¾ வருகிற மரங்கள் எத்தனை என்று பட்டியலில் எண்ணி வையுங்கள், சண்டை அங்கேதான் வரும்.

தோப்புக்காரன் · 3 ஏப்ரல், இரவு 9:52

ஒன்பது.

அறுவை மேடை · 3 ஏப்ரல், இரவு 10:10

அந்த ஒன்பதையும் தனி வரிசையா எழுதி நடு விலை பேசுங்க. 14 கம்பி மரத்துல அடி நாலு அடியை மட்டும் தனியா வெட்டி வச்சுட்டு மேல் தண்டை முழு விலைக்குக் கொடுங்க. அந்த அடித்துண்டை நாட்டு ரம்ப மேடையில, கம்பி இருக்கிற பக்கம் சீவி, நாற்காலிக் கால் சைஸுக்குத் தள்ளலாம்.